சத்தம் போடாத வால்வு



கணவர் விட்டுச்சென்ற பழைய ஹொண்டா சி 90இல் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகும் அக்கா ஒருவர், "காலையில ஸ்ராட் வருகுதில்லை தங்கச்சி. எஞ்சின் முழுக்கக் கழட்ட வேணுமாம்" என்று கலங்கினார். வேறொரு கராஜில் காட்டினோம். வால்வு இடைவெளி குறைந்திருந்தது, அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் சரியாயிற்று.

வால்வு தளர்ந்தால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். இறுகினால் சத்தமே வராது. வால்வு முழுதாக மூடாமல் அமுக்கம் குறையும். கிக்கர் இலேசாக இறங்கும். குளிரில் ஸ்ராட் வராது. கவனியாமல் ஓடினால் புகை வெளியேறும் வால்வு கருகிவிடும். பெருஞ்செலவு அப்போதுதான்.

ஆகவே 3000, 4000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பார்ப்பியுங்கள். மீற்றர் பழுதென்றால் ஒயில் மாற்றும் திகதிகளைக் கொப்பியில் குறியுங்கள். இரண்டு தடவைக்கு ஒருமுறை வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். முதல்நாள் மாலையே கராஜில் விடுவது நல்லது. சி 90க்கு இரு வால்வுகளுக்கும் 0.05 மில்லிமீற்றர். கண்மதிப்பில் விடாமல் அளவுத்தகடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கராஜில் ஆண்கள் நிற்கிறார்களே என்று ஒதுங்காதீர்கள். பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுங்கள்.