வெனிலாக் கன்றுகளைப் போத்தலில் வளர்ப்பது ஏன்?

ஐஸ்கிரீம் கடையில் அதிகம் யோசிக்காமல் நீங்கள் கேட்பது வெனிலாவாக இருக்கலாம். அதைத் தருவது ஓர் ஆர்க்கிட் கொடி. சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமும் அதே குடும்பம்தான்!

அந்தக் கொடியின் கன்றுகள் இப்போது ஆய்வகப் போத்தல்களிலும் வளர்கின்றன. ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

தண்டை வெட்டி நட்டால் போதாதா?

விவசாயிகள் காலங்காலமாக அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் தண்டோடு நோயும் சேர்ந்து பயணம் செய்யலாம். வேரையும் தண்டையும் அழுகவைக்கும் பியூசேரியம் பூஞ்சை பெரிய தலைவலி. விதை? ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அவை எளிதில் முளைப்பதில்லை.

திசு வளர்ப்பு எப்படி நடக்கிறது?

• கணுவுள்ள சிறு தண்டுத் துண்டைக் கிருமிநீக்கம் செய்கிறார்கள்.

• சர்க்கரை, தாது உப்புகள், வளர்ச்சி ஊக்கிகள் கலந்த அகர் கூழில் அதை வைக்கிறார்கள். ஆமாம், நாம் சாப்பிடும் அதே அகர்-அகர்தான்.

• ஒரு துண்டிலிருந்து பல தளிர்கள் வரும். அவற்றைப் பிரித்து மீண்டும் மீண்டும் வளர்க்கலாம்.

• வேர்விட்ட பிறகு நிழலில் வைத்து, வெளிக்காற்றுக்கு மெல்லப் பழக்குகிறார்கள். அவசரப்பட்டால் கன்று வாடிவிடும்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. நோயில்லாத கன்று வேறு, நோயை எதிர்க்கும் கன்று வேறு. எல்லாமே ஒரே தாய்க்கொடியின் நகல்கள். ஒன்றைத் தாக்கும் நோய் தோட்டம் முழுவதையும் அழிக்கலாம்.

வேலையும் குறையாது. வெனிலாப் பூ ஒரே நாள்தான் மலர்ந்திருக்கும். கையால்தான் மகரந்தம் சேர்க்கவேண்டும். ரியூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன் 1841இல் காட்டிய வழி அது.

விலை?

உலகின் பெரும்பகுதி வெனிலா மடகாஸ்கரில் விளைகிறது. 2017இல் அங்கு எனாவோ சூறாவளி வீசிய பிறகு விலை எகிறியது. 2018இல் ஒரு கிலோ சுமார் 600 அமெரிக்க டாலர், வெள்ளியைவிட அதிகம்! பின்னர் விலை சரிந்தது. கொடி பூக்கச் சுமார் 3 ஆண்டுகள் ஆகும். உச்ச விலையைப் பார்த்து நட்டவர்களின் காய்கள் சந்தைக்கு வந்தபோது அந்த விலை இல்லை.

கன்று வாங்க நினைக்கிறீர்களா? இந்த மூன்றையும் கேளுங்கள்: தாய்க்கொடிக்கு நோய்ப் பரிசோதனை செய்தார்களா? கன்று வெளிச்சூழலுக்குப் பழகிவிட்டதா? காயை வாங்கப்போவது யார்?

முதல் இரண்டுக்கு ஆய்வகம் பதில் சொல்லும். மூன்றாவதற்குச் சந்தைதான் பதில் சொல்லணும்.