அப்பாவுக்கு அலாட் ஆன ஸ்கூட்டர்

'நீங்க போயிட்டு வாங்க.'

கடந்த 6 வருடங்களாக என் அப்பா அதிகம் உபயோகித்த வாக்கியம் இதுதான். கல்யாணமா? நீங்க போயிட்டு வாங்க. கோயிலா? நீங்க போயிட்டு வாங்க. அடுத்த தெருவில் புதிதாக ஒரு ஓட்டல் திறந்து அடை அவியல் போடுகிறான். அடைக்காக உயிரை விடுகிற மனுஷர் அதற்கும் அதே பதில். காரணம், இரண்டு முழங்கால்கள். மூட்டுத் தேய்மானம். வீட்டுக்குள் ஜம்மென்றுதான் நடக்கிறார். 10 நிமிஷம் தாண்டினால் உட்கார இடம் தேடுகிறார். அப்படித் தேடுவதை நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்பது வலியைவிடப் பெரிய வலி.

ஹூஸ்டனில் இருக்கும் என் தம்பிக்கு இதெல்லாம் தெரியாது. அல்லது தெரிந்துதான் செய்தானோ என்னவோ, போன வருடம் எங்கள் எல்லோருக்குமாக ஒரு கப்பலில் டிக்கெட் போட்டுவிட்டான். டெக்ஸாஸில் கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஏறினால் ஜமைக்கா, கிராண்ட் கேமன், மெக்ஸிகோவின் கோஸுமெல் என்று சுற்றிக் காட்டிவிட்டு 7 ராத்திரி கழித்துக் கொண்டுவந்து விடுவார்கள்.

கப்பல் என்றால் நாம் உட்கார்ந்திருக்க உலகம் நகரும், அப்பாவுக்கு ஏற்றதுதான் என்று நானும் நினைத்தேன். தப்பு ஸார். கப்பல் நகரும், வாஸ்தவம். உள்ளே இருக்கிறவன் நடந்தாக வேண்டும். எங்கள் கப்பலின் நீளம் 300 மீட்டருக்கு மேல். அதாவது, 13 ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்திய நீளம். முதல் பெட்டியில் படுக்கை, கடைசிப் பெட்டியில் சாப்பாடு, நடுப்பெட்டியின் மாடியில் காபி என்றால் எப்படி இருக்கும்?

தம்பி கெட்டிக்காரன். மொபிலிட்டி ஸ்கூட்டர் ஒன்று வாடகைக்குச் சொல்லியிருந்தான்.

ஸ்கூட்டர் என்றதும் நம் ஊர்ச் சமாசாரத்தைக் கற்பனை செய்யாதீர்கள். ஆபீஸ் சுழல் நாற்காலிக்கு அடியில் 3 அல்லது 4 சக்கரம். முன்னால் ஒரு ஹாண்டில்பார், அதில் கறிகாய் வாங்கப் போகிற மாதிரி ஒரு கூடை. சீட்டுக்கு அடியில் பாட்டரி. மிஞ்சிப்போனால் வேகமாக நடக்கிறவனின் வேகம். 3 சக்கரம் என்றால் குறுகிய இடத்தில் திரும்பும். 4 சக்கரம் என்றால் சாயாமல் நிற்கும். கப்பல் காரிடாரை நினைத்து நாங்கள் 3 சக்கரம் கேட்டோம்.

வாடகைக் கம்பெனி அனுப்பிய ஃபாரத்தைப் பார்த்தால் வரன் விசாரிப்பது போல இருந்தது. ஓட்டுபவரின் உயரம்? எடை? எந்தக் கப்பல்? எந்தக் கேபின்? கேபின் கதவு எத்தனை அங்குல அகலம்?

கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று அகலக் கதவு, அகல பாத்ரூம் வைத்த கேபின்கள் கப்பலில் கொஞ்சம்தான் உண்டு. பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். எங்களுக்குக் கிடைத்தது சாதாரண கேபின். கதவு 23 அங்குலம். தம்பி கப்பல் கம்பெனிக்கு இரண்டு தடவை ஃபோன் போட்டு உறுதி செய்து கொண்டு 21 அங்குல வண்டியாகப் பார்த்துப் பிடித்தான். பக்கத்துக்கு ஒரு அங்குலம் மிச்சம்.

"எதுக்குடா இந்த அவஸ்தை? ராத்திரி காரிடார்ல நிறுத்திட்டாப் போச்சு" என்றேன். கூடாதாம். தீப்பிடித்தால் ஜனங்கள் ஓட வேண்டிய பாதை அது. வண்டி அறைக்குள்தான் தூங்க வேண்டும், சார்ஜும் அங்கேதான். எதற்கும் இருக்கட்டும் என்று சென்னையிலிருந்து நான் கொண்டுபோன எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் துறைமுக செக்யூரிட்டி இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அதற்கும் தீ பயம்தான்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகு அப்பா சொன்னார்: "எனக்கு வேணாம். நான் என்ன நொண்டியா?"

இதே மனுஷர்தான் சென்னை ஏர்போர்ட்டில் வீல் சேரில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, இமிக்ரேஷன் க்யூவில் நின்ற எங்களையெல்லாம் தாண்டிப் போனவர். கேட்டால், "அது வேற. அது க்யூவுக்காக" என்கிறார்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். அப்பா ட்ரெஷரியில் 34 வருஷம் குப்பை கொட்டியவர். 70-களில் சேத்தக் ஸ்கூட்டருக்குப் புக் பண்ணினார். அந்தக் காலத்தில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது இன்றைய பையன்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அலாட்மெண்ட் லெட்டர் ஒருவழியாக வந்தது. அதே மாதத்தில் அத்தை கல்யாணமும் வந்தது. அப்பா அலாட்மெண்ட்டை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டு, பணத்தைக் கல்யாணத்தில் போட்டார். அதற்குப் பிறகு ஸ்கூட்டர் பேச்சை எடுத்ததே இல்லை. ரிடையர் ஆகும் நாள் வரை சைக்கிள்.

கப்பலில் கேபின் கதவைத் திறந்தால், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே நீல நிறத்தில் பளபளவென்று நிற்கிறது வண்டி. அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டார்.

இரண்டு நாள் அது துண்டு காயப்போடும் ஸ்டாண்டாக இருந்தது. வார வாடகை 200 டாலருக்குக் கொஞ்சம் மேல். "18,000 ரூபாய்! ரெண்டு நல்ல சைக்கிள் வாங்கலாம்" என்று அதற்கும் அவரே வருத்தப்பட்டார். ஜமைக்கா வரும் வரை நடுக்கடல். நாங்கள் நாடகம், மேஜிக், ஐஸ்க்ரீம் என்று அலைய, அவர் கேபினில் உட்கார்ந்து, கப்பல் எங்கே போகிறது என்று டி.வி.யில் காட்டும் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க போயிட்டு வாங்க."

இரண்டாம் நாள் சாயங்காலம் சாப்பிடப் போகும் வழியில், லிஃப்ட் பக்கத்து சோபாவில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அப்போது சிவப்பு ஸ்கூட்டரில் ஒரு அமெரிக்கப் பாட்டி வந்தாள். எண்பது இருக்கும். லிப்ஸ்டிக் வேறு. வண்டியை நிறுத்தினாள், எழுந்தாள், எதிரே இருந்த புத்தக அலமாரிக்கு விறுவிறுவென்று நடந்துபோய் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

"டேய், அவங்க நடக்கறாங்கடா!" என்றார் அப்பா. பொய் சர்டிபிகேட் கொடுத்துப் பென்ஷன் வாங்குகிறவரைக் கண்டுபிடித்துவிட்ட ட்ரெஷரி குரல். நான் தடுப்பதற்குள் தம் ஆபீஸ் இங்கிலீஷில் கேட்டே விட்டார், "மேடம், யூ ஆர் ஏபிள் டு வாக்?"

நான் தரையைப் பார்த்தேன். பாட்டி கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தாள். தன்னால் ஒரு நாளைக்கு 10, 15 நிமிஷம் நன்றாக நடக்க முடியும் என்றாள். "அதைப் போய்க் காரிடாரில் செலவழிப்பேனா? ராத்திரி டான்ஸுக்கு வைத்திருக்கிறேன்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வரவு செலவு பார்த்தே வாழ்ந்தவர். நடக்க முடியாதவர்களுக்குத்தான் ஸ்கூட்டர் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கையிருப்புக் கம்மியாக இருப்பவர்களுக்கு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தேன், துண்டு தோளில் இருந்தது.

ஓட்டுவது சுலபம். வலது கட்டைவிரல் லீவரை அழுத்தினால் முன்னால், இடது லீவர் பின்னால். விட்டுவிட்டால் தானாக நிற்கும், தனி பிரேக் தேவையில்லை. வேகத்துக்கு ஒரு திருகு. ஒரு பக்கம் ஆமை படம், மறுபக்கம் முயல் படம். ஆபத்து எங்கே என்றால், 40 வருஷம் சைக்கிள் ஓட்டியவருக்குப் பயம் வந்தால் கை இறுகும். சைக்கிளில் கை இறுகினால் பிரேக். இதில் கை இறுகினால் லீவர் இன்னும் அழுந்தி வண்டி பாயும். முதல் பாய்ச்சல் என் கணுக்காலில். இரண்டாவது, பிளாஸ்டிக் பூந்தொட்டியில். "பயந்தா விடணும், பிடிக்கக் கூடாது" என்று தம்பி நூறு தடவை சொல்லி ஆமையில் வைத்தே ஓட்டவிட்டான். மத்தியானத்துக்குள் அப்பா லிஃப்டிலிருந்து பீப் பீப்பென்று ரிவர்ஸில் இறங்கிக்கொண்டிருந்தார்.

மேல்தளத்துக்குப் போகும் ஒரு கதவில் தடுமாறினார். வாசலில் மேடு. கடல் தண்ணீர் உள்ளே வராமலிருக்கக் கப்பல்களில் இப்படி வைப்பது வழக்கம். எங்கள் கப்பலில் அதற்கு இரு பக்கமும் சின்னச் சாய்தளம் போட்டிருந்தார்கள். இந்தச் சாய்தள விஷயத்துக்குப் பின்னால் ஒரு கோர்ட் கேஸ் உண்டு. 1998, 1999-ல் ஹூஸ்டனிலிருந்து கப்பலில் போன சில மாற்றுத் திறனாளிகள், வசதியும் இல்லை, தங்களிடம் கட்டணமும் கூட வாங்குகிறார்கள் என்று வழக்குப் போட்டார்கள். 'கப்பல் பஹாமாஸ் கொடி பறக்கிற வெளிநாட்டுக் கப்பல், அமெரிக்கச் சட்டம் செல்லாது' என்பது எதிர்வாதம். 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உங்கள் கொடி எதுவானாலும் எங்கள் துறைமுகத்தில் ஆள் ஏற்றினால் 1990-ஆம் வருட மாற்றுத் திறனாளிகள் சட்டம் உங்களுக்கும் உண்டு என்றது. கப்பலின் பாதுகாப்புக்கோ சர்வதேசக் கடல் விதிகளுக்கோ இடைஞ்சலானால் விலக்கு. ஸ்பெக்டர் எதிர் நார்வீஜியன் க்ரூஸ் லைன் என்று தேடினால் கிடைக்கும். அப்பாவுக்குச் சொன்னேன். "யாரோ கேஸ் போட்டதால நமக்குச் சாய்தளம்" என்றார். மேட்டை இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தார்.

ஜமைக்காவில் ஃபால்மத். கப்பல் கரையை ஒட்டி நிற்கும், பாலத்தின் வழியாக இறங்கலாம். தண்ணீர் மட்டத்தைப் பொறுத்துப் பாலத்தின் சரிவு கூடும், குறையும். இரண்டு சிப்பந்திகள் முன்னும் பின்னும் பிடித்து இறக்கினார்கள். இறங்கி நாலடி போனதும் வண்டி நின்றுவிட்டது. சாவி இருக்கிறது, லைட் எரிகிறது, பீப் என்கிறது, நகரவில்லை. தம்பி கம்ப்யூட்டர் இன்ஜினீயர். அணைத்து மறுபடி போட்டான். அவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். வெயில் மண்டையைப் பிளந்தது. அப்பா முகத்தில், 'நான்தான் அப்பவே சொன்னேனே' வர ஆரம்பித்துவிட்டது.

சிவப்பு ஸ்கூட்டர் பாட்டி பக்கத்தில் வந்து நிறுத்தினாள். குனிந்து பின்சக்கரத்தருகே ஒரு சின்ன லீவரைத் தட்டினாள். வண்டியைக் கையால் தள்ளுவதற்காக மோட்டாரைக் கழற்றிவிடும் லீவர் அது. இறக்கும்போது யார் காலோ பட்டிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். நீங்கள் வாடகைக்கு எடுத்தால் பணம் கட்டுவதற்கு முன் இந்த லீவர் எங்கே என்று கேளுங்கள்.

மறுநாள் கிராண்ட் கேமன். அங்கே கப்பல் கரைக்குப் போக முடியாது. தள்ளி நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களைக் கொண்டுபோகிறார்கள். படகு ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை. ஏறும் இடமும் படகும் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கிறது. ஸ்கூட்டர் ஏற்ற மாட்டோம், நடந்து ஏற முடிந்தால் வரலாம் என்றுவிட்டார்கள்.

அப்பா படகைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார்.

"நீங்க போயிட்டு வாங்க."

நான் இருக்கிறேன் என்றேன். "போடா, வேலையைப் பாரு" என்றார். போனோம். வெள்ளை மணல், கண்ணாடித் தண்ணீர். ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. 3 மணி நேரத்தில் திரும்பிவிட்டோம்.

கேபினில் அப்பா இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை. லிஃப்ட் பக்கத்து சோபாவில் இல்லை. என் மனைவி முகம் வெளுத்துவிட்டது. நான் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமுமாக 13 ரயில் பெட்டியையும் மாடி மாடியாகத் தேடினோம். சொல்லாமல் எங்கேயும் போகிறவர் இல்லையே என்றான் தம்பி. அப்போதுதான் உறைத்தது. சொல்லிவிட்டுக்கூட எங்கேயும் போகாதவர்.

அரைமணி கழித்து, திறந்த தளத்தின் திருப்பத்தில் நீல வண்டி வந்தது. துண்டு காற்றில் பறக்க, கூடையில் ஒரு ஆப்பிள், திருகு முயல் பக்கம்.

"எங்கப்பா போனீங்க?" கொஞ்சம் கத்திவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சும்மா. வெளிய" என்றார்.

சின்ன வயதில், சாயங்காலம் அவர் சைக்கிளை எடுக்கும்போது அம்மா கேட்டால் இதேதான் சொல்வார்.

கோஸுமெலில் எங்களுக்கு முன்னால் அவர்தான் இறங்கினார். கடைசி ராத்திரி வண்டியைத் துண்டால் துடைத்து, சார்ஜரைச் சுற்றிக் கூடையில் வைத்து, சாவியை அதிலேயே விடச் சொல்லியிருந்ததால் விட்டார். விடுவதற்கு முன் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நான் பார்க்காத மாதிரி பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்து நாலு மாதமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி ஃபோன் செய்தபோது, அடுத்த வருடம் அலாஸ்கா பக்கம் போகிற கப்பலில் போகலாமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார்.

"கதவு எத்தனை அங்குலம்னு முதல்ல கேளு. இறங்கறதுக்குப் படகா, பாலமான்னும் கேட்டு வை. இந்தத் தடவை 4 சக்கரமா சொல்லிடு."