புதுப் பெட்டியும் புளித்த பாலும்

எமது இல்லத்துக்குக் குளிர்சாதனப் பெட்டி ஒன்று வந்து ஒன்பது மாதங்களே ஆகின்றன. ஆயினும் சில வாரங்களுக்கு முன் இரவில் வைத்த பால் காலையில் புளித்தது, கீரை வாடியது. மேலேயுள்ள உறைநிலை அறையிலோ பனிக்கட்டி கல்லாய் இறுகியிருந்தது. பழுதான பெட்டியைக் கடைக்காரர் எம் தலையில் கட்டிவிட்டார் என்று நாம் அன்றே தீர்ப்புக் கூறிவிட்டோம்.

பாலும் கீரையும் மட்டுமாயின் நட்டம் சிறிது. நீரிழிவு நோயாளியான எமது மாமியாரின் இன்சுலின் மருந்தும் அதனுள்ளேதான் இருந்தது. “கீழேதான் குளிரில்லையே, பிள்ளை. மேலே வைத்துவிட்டால் என்ன?” என்று அவர் குப்பிகளை உறைநிலை அறைக்கு மாற்ற எழுந்தார். உயர்தர வகுப்பில் பௌதிகவியல் பயிலும் எமது மகள் ஓடிவந்து தடுத்தாள். திறவாத இன்சுலினை 2 பாகை முதல் 8 பாகை செல்சியசு வரையான குளிரில் வைத்தல் வேண்டும். உறைந்து உருகிய மருந்து பார்வைக்கு நன்றாகத் தோன்றினும் வலிமை இழந்திருக்கக்கூடும்; அதனைப் பயன்படுத்தலாகாது. அன்றே குப்பிகளை அயல்வீட்டுப் பெட்டிக்கு மாற்றினோம். மருந்து எத்தனை நாள் எந்நிலையில் இருந்தது என்பதை மருத்துவரிடம் கூறி, அவர் சொற்படி நடந்தோம்.

“கடைக்காரரை ஏசுமுன் அளந்து பார்ப்போம், அம்மா” என்றாள் மகள். ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்தோம். காலையில் அது 11 பாகையைக் காட்டியது. உணவு கெடாதிருக்க 5 பாகைக்கு மேற்படலாகாது.

மாணவர்களுக்கு ஒரு சொல். குளிர்சாதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டும் பொறியாகும். மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறதல்லவா? அவ்வாறே பெட்டியின் குழாய்களுள் ஒரு திரவம் ஆவியாகி உள்வெப்பத்தைக் கவர்கிறது. அவ்வாவியை அமுக்கி என்னும் பொறி நெருக்க, அது பின்புறத்திலோ பக்கச் சுவர்களிலோ உள்ள குழாய்களில் வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. பனி படியாத வகைப் பெட்டிகளிற் பலவற்றில், குளிர் மேலறையின் பின்னே பிறக்க, சிறு விசிறியொன்று அதனைத் துவாரங்கள் வழியே கீழே செலுத்தும். ஆகவே மேலே பனிக்கட்டி, கீழே வெப்பம் என்றால், குளிர் பிறக்கிறது, ஆனால் போதிய அளவு கீழே வந்து சேரவில்லை என்பதே முதலில் எழவேண்டிய ஐயம்.

தேடினோம். துவாரத்தை மறைத்து ஒரு பெரிய முருங்கைக்காய்ப் பொதி இருந்தது, வைத்தவர் நாமே. குசினியில் இடம் போதாதென்று பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளியவரும் நாமே. மின்கட்டணத்துக்கு அஞ்சிக் குளிர்த் திருகியை 1இல் திருப்பியவரும் நாமே! அவ்வெண் வெப்பநிலையைக் குறிப்பதன்று. பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடக் குளிர் கூடும். மூன்றையும் திருத்தினோம். மறுநாட் காலை 7 பாகை.

எஞ்சிய குறை எங்கே? ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தோம். மேலே அது இறுகப் பிடித்தது. கீழ் மூலையில் வழுக்கி வந்தது. றப்பர் விளிம்பைச் சவர்க்கார நீரால் துடைத்தும் பயனில்லை. இப்பொழுதே கடைக்காரரைக் கேட்கும் உரிமை எமக்கு உண்டாயிற்று. கோபத்தை விடுத்து, அளந்த கணக்கையே சொன்னோம். திருத்துநர் வந்து, உத்தரவாதத்தின்படி பணமின்றி விளிம்பை மாற்றினார். அடுத்த நாள் 4 பாகை. குற்றத்தில் பெரும்பங்கு எம்முடையது, சிறுபங்கு பெட்டியினுடையது.

இல்லத்தரசிகளுக்கு இரு எச்சரிக்கைகள். பனியைக் கத்தியாற் சுரண்டாதீர்கள். குழாய் துளைபட்டால் வாயு வெளியேறிவிடும். புதுப் பெட்டிகள் பலவற்றிலுள்ள ஐசோபியூற்றேன் தீப்பற்றக்கூடியது. மற்றது, பற்றுச்சீட்டையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். நியாயமான குறையைக் கடை மறுக்குமாயின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம்.

குப்பிகள் வீடு திரும்பிவிட்டன. மாமியார் இப்பொழுது நாள்தோறும் வெப்பமானியைப் பார்த்த பின்பே தேநீர் அருந்துகிறார். பாலும் புளிப்பதில்லை, தயிர் வேண்டுமாயின் இனி உறைமோர் இட்டே ஆகவேண்டும்!