வில்லுப்பாட்டும் எட்டு வாயில் பெட்டியும்

தமிழ்த் துறை மலரில் மின்சுற்றுக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. கடந்த கல்வியாண்டில் எம் துறை மாணவர் அறுவர், இயற்பியல் துறை மாணவர் இருவரோடு சேர்ந்து, எட்டு ஒலிவாங்கிகளை ஒரே நேரத்தில் இணைக்கத்தக்க முன்பெருக்கிப் பெட்டி ஒன்றைத் தம் கைகளாலேயே செய்து முடித்தனர். "கடையில் வாங்கியிருக்கலாமே! தமிழ் படிக்க வந்த பிள்ளைகள் கையில் சால்டரிங் கோலை ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்டோர் பலர். அவர்களுக்கு நான் நேரில் சொன்ன மறுமொழியைச் சற்று விரித்து எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பணிக்கு வித்திட்டது ஓர் இழப்பு. 2008ஆம் ஆண்டில் நெல்லைச் சீமையைச் சேர்ந்த முதிய வில்லிசை அண்ணாவி ஒருவரைக் கல்லூரிக்கு அழைத்து, அவர் வாய்வழியாகக் கற்று வைத்திருந்த கதைப்பாடலைப் பதிவு செய்தோம். பொறுப்பாளன் நான். மேடை நடுவே ஒரே ஓர் ஒலிவாங்கி. அதன் கம்பி, விளக்குகளுக்குச் செல்லும் மின்கம்பியை ஒட்டியே அரங்கின் கோடிவரை ஓடிற்று. பதிவாகும்போதே ஹெட்போன் வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் கேட்டபோது, பாட்டின் அடியில் வண்டின் ரீங்காரம் போன்ற இரைச்சல் இடைவிடாது ஒலித்தது. உடுக்கையும் குடமும் முழங்கிய இடங்களிலெல்லாம் அண்ணாவியின் சொற்கள் மூழ்கிப் போயின. அடுத்த ஆண்டு மீண்டும் அழைக்கலாம் என்றிருந்தோம். அதற்குள் அவர் மறைந்துவிட்டார். இன்று அப்பதிவை எழுத்தில் பெயர்க்க முற்படும் ஆய்வு மாணவர், கேளாத அடிகளுக்குப் புள்ளிகளை இட்டுச் செல்கிறார். அப்புள்ளிகள் ஒவ்வொன்றும் என் கவனக்குறைவுக்குச் சாட்சி.

வில்லுப்பாட்டு ஒருவர் குரலால் அமைவதன்று. முதற்பாடகர் குரல் ஒன்று, வலப்பக்கம், இடப்பக்கம் என இரு பின்பாட்டுக் குரல்கள், வீசுகோல் பட்டு ஒலிக்கும் வில், உடுக்கை, குடம், தாளம், கட்டை என ஐந்து கருவிகள், ஆக எட்டு. ஒரே ஒலிவாங்கி இவ்வெட்டையும் கலந்தே தரும். கலந்ததைப் பின்னர்ப் பிரிப்பது அரிது. ஒவ்வொன்றையும் தனித்தடத்தில் பதிந்தால், குடத்தைத் தாழ்த்திச் சொல்லை உயர்த்திக் கேட்கலாம். எம் துறையிலிருந்த கணினி இணைப்புக் கருவியில் எட்டு உள்வாயில்கள் இருந்தும், ஒலிவாங்கியை நேரே ஏற்பவை இரண்டே. எஞ்சியவற்றுக்கு முன்பெருக்கி இன்றியமையாததாயிற்று.

முன்பெருக்கி செய்யும் தொழில் யாது? சாதாரண டைனமிக் மைக் அருகில் பேசும் குரலுக்குத் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. மெல்லிய குரலாயின் அதனினும் குறைவு. பதிவுக் கருவி எதிர்நோக்குவதோ ஏறத்தாழ 1 வோல்ட். எனவே சில வேளைகளில் 1000 மடங்கு, அதாவது 60 டெசிபெல் பெருக்கம் தேவைப்படுகிறது. குரலை ஆயிரம் மடங்கு பெருக்கும் கருவி, உடன் வந்த இரைச்சலையும் ஆயிரம் மடங்கு பெருக்கிவிடும் என்பதே இதிலுள்ள இடர். அதனைத் தவிர்க்க, கம்பியின் இரண்டு இழைகளில் குரல் எதிரெதிராக அனுப்பப்படுகிறது. வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரே விதமாகப் படியும். முன்பெருக்கி இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பொதுவானதைத் தள்ளிவிடுகிறது.

எவ்வளவு திறமாகச் செய்தாலும் நீங்காத இரைச்சலும் உண்டு. மின்தடைகளில் வெப்பத்தால் எழும் அந்நுண்ணிரைச்சலைப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான்சன் அளந்து காட்ட, நைக்விஸ்ட் அதற்குக் கணித விளக்கம் தந்தார். இருவர் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. இயற்கை விதித்த இரைச்சல் வேறு. நம் அசட்டை சேர்க்கும் இரைச்சல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே பெட்டி செய்தலால் வரும் முதற்கல்வி.

எம் மாணவர் தேர்ந்தது, 19 அங்குல அகலச் சட்டத்தில் பொருந்தும் ரேக் பெட்டி. அதன் உயர அலகு 1.75 அங்குலம்; இரண்டு அலகு உயரம் போதுமானதாயிற்று. வாயில் ஒன்றுக்கு ஐஎன்ஏ217 என்னும் ஐசி ஒன்று. கண்டென்சர் மைக்குகளுக்குரிய 48 வோல்ட் மின்சாரம், குரல் வரும் அதே கம்பி வழியாகவே செல்கிறது. நார்வே வானொலிக்காக 1966இல் நியூமன் நிறுவனம் செய்தளித்த ஒலிவாங்கியோடு வழக்கில் வந்த முறை இது. அதற்கென வாயில்தோறும் 6.8 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு வேண்டும். அவ்விரண்டுக்கும் இடையே 0.4 சதவீதத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 27 ஓமுக்கு மேல், வேறுபாடு கூடாது. மீறினால் இரைச்சலைத் தள்ளும் ஆற்றல் குன்றும். தமிழ் மாணவியர் இருவர் ஒரு மாலை முழுவதும் மல்டிமீட்டருடன் அமர்ந்து, மின்தடைகளை ஒவ்வொன்றாக அளந்து இணை சேர்த்தனர். அசையும் சீரும் பிரித்துத் தளை காணும் பொறுமை அங்கே கைகொடுத்தது என்பேன்.

முதன்முதலில் இயக்கியபோது மூன்று வாயில்களில் ரீங்காரம் எழுந்தது. "ஐயா, அந்தப் பழைய பதிவில் கேட்பது போலவே இருக்கிறது!" என்றார் ஒரு மாணவர். காரணம் தேட இரண்டு நாள் பிடித்தது. கம்பியின் காப்புறையைத் தாங்கும் முதல் முனையை, அம்மூன்று வாயில்களில் மட்டும், பெட்டியின் உலோகத்தோடு இணைக்காமல் உள்ளே சுற்றுப்பலகை வரை இழுத்துச் சென்றிருந்தனர். இப்பிழையை நீல் மன்சி 1995ஆம் ஆண்டுக் கட்டுரையில் விரிவாக விளக்கியுள்ளார். 2005இல் ஒலிப் பொறியியலார் கழகம் இதற்கெனத் தரவிதியே வகுத்தது. காப்புறையை நுழைவிடத்திலேயே பெட்டியோடு பிணைத்ததும் ரீங்காரம் அடங்கிற்று. அந்த அமைதியைக் கேட்டபோது 2008ஐ எண்ணி என் நெஞ்சு கனத்தது.

எதிர்வாதங்களையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இதனால் பெரும்பணம் மிச்சமாகவில்லை. பெட்டி, மின்மாற்றி, இணைப்பு வாய்கள் ஆகியவற்றின் விலையே செலவின் பெரும்பகுதி. நான்கு மாதங்களும் கழிந்தன. ஆயத்தக் கருவிகள் நல்லனவாகவே கிடைக்கின்றன. வாங்க இயன்றோர் வாங்கலாம். 230 வோல்ட் மின்சாரம் விளையாட்டன்று. இயற்பியல் பேராசிரியர் உடனிருந்தாலன்றி எம் மாணவர் மின்னிணைப்புப் பகுதியைத் தொட்டதில்லை. ஆயினும் வாங்கிய கருவி பிழைபட்டால் கடைக்காரரை நோக்கிக் கைநீட்டுவோம். செய்த கருவி பிழைபட்டால் நம் செயலை நோக்குவோம். இந்தப் பழக்கம் ஆய்வுக்கும் அடிப்படை.

இது தமிழுக்குப் புறம்பான வேலையும் அன்று. ஒலி பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் பிறப்பியலில் வகுத்தவர் தொல்காப்பியர். ஆடலரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அரங்கேற்று காதையில் அளந்து சொன்னவர் இளங்கோவடிகள். கலையைப் போற்றுவோர் அக்கலைக்குரிய கருவியின் அளவையும் அறிந்திருக்க வேண்டும் என்பது நம் மரபு.

இவ்வாண்டு வில்லிசைக் குழு ஒன்றை எட்டுத் தடங்களில் பதிவு செய்தோம். கட்டை தட்டிய முதியவருக்கு அவருடைய தடத்தை மட்டும் ஒலிக்கச் செய்தோம். "அம்பது வருசமாத் தட்டுதேன் ஐயா, நான் தட்டுறது எனக்கே இன்னைக்குத்தான் கேக்கு" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

மாணவச் செல்வங்களே, பாட்டுச் சேகரிக்கச் செல்லும்போது மூன்றை மறவாதீர்: ஒலிவாங்கிக் கம்பியை மின்கம்பியிலிருந்து விலக்கி வையுங்கள், முதலில் ஒரு நிமிடம் பதிந்து கேளுங்கள், முடியும்வரை ஹெட்போனைக் கழற்றாதீர்கள். ஆசிரியப் பெருமக்களே, துறைக்கு ஒரு பதிவுக் கருவியேனும் ஆயத்தமாக இருக்கட்டும். சமுதாயப் பெரியோர்களே, உங்கள் ஊரில் பழைய பாட்டுக்களை நெஞ்சில் சுமந்திருப்போர் யாரென எங்களுக்குச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு என்று ஒத்திப்போடும் உரிமை நமக்கில்லை. கருவி ஆயத்தம், கேட்பதற்குக் காதுகளும் ஆயத்தம். இனிப் பாட்டின் நடுவே புள்ளிகள் விழாதிருக்கட்டும்.