விழுந்த பிறகுதான் நம்புவீர்களா?

"வயசானா அப்படித்தான்" என்ற ஒரே சொல்லில் என்னை மூலையில் உட்காரவைத்துவிட்டீர்கள். பித்தம் என்றீர்கள். பிரஷர் என்றீர்கள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டதென்று பட்டை மாட்டிவிட்டீர்கள். உலகம் சுற்றவில்லை ஐயா, நின்றால் நிற்க முடியவில்லை, நடந்தால் ஒரு பக்கம் இழுக்கிறது என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேனே, யார் கேட்டீர்கள்?

தேய்ந்தது என் உட்செவி. அங்கே மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை அறிகின்றன. பக்கத்தில் இரண்டு சிறு பைகள், சுண்ணாம்புத் துகள்களைச் சுமந்தபடி, தலையின் சாய்வை அறிகின்றன. அவற்றிலிருக்கும் நுண்மயிர் அணுக்கள் வயதாக ஆகக் குறைகின்றன. இந்த உறுப்பை ஆராய்ந்துதான் ராபர்ட் பாரானி 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். அவர் பெயரிலுள்ள பன்னாட்டு மருத்துவச் சங்கம், முதுமையில் வரும் இந்தக் குறையை எப்படிக் கண்டறிவதென்று 2019-இல் வரையறுத்தே கொடுத்துவிட்டது. எனக்குக் கிடைத்த பதில் மட்டும் பித்தம்!

நான் திருவானைக்காவலில் வாழ்க்கைப்பட்டவள். ஜம்புகேசுவரர் கோயில் பிராகாரத்தை ஓட்டமும் நடையுமாகச் சுற்றியவள். இன்று வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கால் தடுமாறுகிறது. உடம்பு நிமிர்ந்து நிற்கக் கண், பாதம், காது மூன்றும் மூளைக்குச் சேதி சொல்ல வேண்டும். இருட்டில் கண் உதவாது. எண்ணெய்ப் பிசுக்கேறிய கல்லில் பாதத்தை நம்ப முடியாது. மிச்சமிருக்கும் காதோ எனக்கு இல்லை. தண்ணீர் ஊறும் அப்புத் தலத்தில், தாழ்ந்த வாசலில் குனிந்தவள் நிமிர முடியாமல் முன்னால் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்துவிட்டேன். "பாத்து வரக்கூடாதா பாட்டி?" என்று உதறினாள். பார்த்துத்தானம்மா வந்தேன்!

ஆதிசங்கரர் இங்குள்ள அம்மன் அகிலாண்டேஸ்வரியின் காதுகளில் தாடங்கம் பூட்டினார் என்று சொல்லும் ஊர் இது. அந்தக் காதுகளுக்கு நேரே நின்று அழுதிருக்கிறேன். தாயே, உன் காதைப் பார்க்க ஊர் ஊராய் வருகிறார்கள். என் காதுக்குள் என்னவென்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே!

கடைத்தெருவில் ஒருவன், "காலையிலேயே ஆடுது பாரு" என்றான். அதையும் விழுங்கிக்கொண்டேன்.

மாத்திரையை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. நான் போய்ப் பார்த்த டாக்டர் என்னை எழுந்து நிற்கச் சொல்லவில்லை, நாலடி நடக்கச் சொல்லவில்லை. சின்னரிசின், புரோகுளோர்பெரசின் என்று மாதக்கணக்கில் எழுதித் தள்ளினார். கடும் தலைசுற்றலுக்குச் சில நாள் கொடுக்க வேண்டிய மருந்துகள் இவை. தொடர்ந்து தின்றால், இழந்ததை ஈடுகட்ட மூளை பழகுவதையே மட்டுப்படுத்தும். வயதானவர்களுக்குக் கைநடுக்கமும் உடல் விறைப்பும் கொண்டுவரும். தள்ளாட்டம் என்று போனவள் நடுக்கத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன். இதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

இந்தத் தள்ளாட்டத்துக்கான பயிற்சிகளோ இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இங்கிலாந்தில் காத்தார்ன், குக்சி என்ற இருவர் வகுத்தவை. ஓர் எழுத்தில் பார்வையை நிறுத்தித் தலையை இடவலமாக அசைக்க வேண்டும். துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு மெத்தென்ற விரிப்பில் நிற்க வேண்டும். நடந்துகொண்டே திரும்பிப் பார்க்க வேண்டும். போன உறுப்பு திரும்பாது, தடுமாற்றம் குறையும். ஒரு பிசியோதெரபி பெண் சொல்லித்தான் இதையே அறிந்தேன். காசில்லாத வைத்தியத்தை இத்தனை காலம் ஏன் மறைத்தீர்கள்?

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் 21 குறைபாடுகள் இருக்கின்றன. காது கேளாமைக்கு அதில் இடமுண்டு. அதே காதில் சமநிலை போனால் இடமில்லை. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால்தான் நாங்கள் உங்கள் கணக்கில் வருவோமா?

வீடு தேடி பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வரும் அம்மா, அடுத்த முறை என்னையும் என்னைப்போலவே தள்ளாடும் எதிர்வீட்டுக்காரியையும் கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள். பிடிக்க ஓர் ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள், நாங்கள் சாய்வோம். சாய்ந்ததை உங்கள் நோட்டில் எழுதிக் கொண்டுபோய் மேலே கொடுங்கள்.