அழுபவரை அதட்டாதீர்

நம் துக்க வீடுகளில் பக்தியின் பெயரால் ஒரு கொடுமை நடந்துவருகிறது. மகனைப் பறிகொடுத்த தாயிடம், சவப்பெட்டியை மூடுமுன்னரே, "ஆண்டவருடைய சித்தம் இது, விசுவாசமுள்ளவள் அழலாமா?" என்கின்றனர் ஆறுதல் கூற வருவோர். நோய் தீராது மடிந்தவரின் குடும்பத்தாரிடம், "இன்னும் உறுதியாய் நம்பியிருந்தால் குணம் கிடைத்திருக்கும்" என்கின்றனர். இதை விசுவாசம் என ஏற்க நாம் மறுக்கிறோம்.

யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் வாய்திறவாது அவரருகே தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்த நற்செயல் அது ஒன்றே. பின்னர் வாய்திறந்து, அவர் துன்பத்துக்கு அவர் பாவமே காரணம் என்று கடவுளுக்காக வழக்குரைத்தனர். யோபுவோ தாம் பிறந்த நாளையே சபித்தார், கடவுளோடு வழக்காடினார். ஆண்டவர் யோபுவையும் கடிந்துகொண்டார், மெய்தான். எனினும் முடிவில் அவர் சினம் மூண்டது, தமக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள்மீதே!

திருச்சபை நாள்தோறும் செபிக்கும் திருப்பாடல்களுள் புலம்பல்கள் எத்தனை! 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. இறுதியில் ஒரு நன்றிமொழிகூட இல்லை. உயிர்ப்பிக்கப்போவதை அறிந்திருந்தும் இயேசு இலாசரின் கல்லறையருகே கண்ணீர் விட்டார். சிலுவையில் அவர் வாயினின்று எழுந்ததும், கைவிடப்பட்டவனின் கதறலாய்த் தொடங்கும் 22ஆம் திருப்பாடலே. அன்னையை 'வியாகுல மாதா' என வணங்கி, செப்டம்பர் 15இல் விழா எடுக்கும் நாம், நம் நடுவே அழும் தாயின் வாயை அடைப்பது என்ன நியாயம்?

புலம்பினால் விசுவாசம் தளரும் என்பார் சிலர். அன்று. கேட்பவர் ஒருவர் உண்டென நம்புகிறவரே முறையிடுவார். நம்பாதவர் யாரிடம் முறையிடுவார்? பல்லாண்டு உள்ளத்தில் இருளையே உணர்ந்ததாக அன்னை தெரேசா எழுதிய கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தன. அவற்றை அறிந்தே திருச்சபை 2016இல் அவரைப் புனிதராக உயர்த்தியது. ஆறுதலை உணராதபோதும் அவர் செபத்தையும் பணியையும் கைவிடவில்லை. நம்பிக்கை என்பது அதுவே.

ஆகவே, அன்பர்களே, துக்க வீட்டுக்குச் செல்லுங்கள், விளக்கம் கொண்டுசெல்லாதீர். அருகே அமருங்கள். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து உறவினர் கலைந்தபின்னும் ஒருமுறை அக்கதவைத் தட்டுங்கள். கடவுளுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. அழுபவருக்கோ துணை தேவை.