பொடியாகும் தோட்டா ஆபத்தற்றதா?

கதவுடைக்கும் ஷாட்கன் தோட்டா பூட்டில் பட்டதும் பொடியாகிவிடும், உள்ளே இருப்பவருக்கு ஆபத்தில்லை என்று அமெரிக்க அதிரடிப் படைகளுக்காக வாதாடுகிறார்கள். பாதிதான் உண்மை.

உலோகத் தூளை இறுக்கிச் செய்த தோட்டா அது. இரும்பில் மோதினால் சிதறும்; நெருக்கத்தில் உடலில் பட்டால் உயிரைக் குடிக்கும். பெயர்ந்த பூட்டுத் துண்டும் மரச் சிலாம்பும் பறப்பதும் வீட்டுக்குள்தான்.

அதைவிடப் பெரிய ஆபத்து, கதவு திடீரென உடைவது. 2020 மார்ச் 13, அமெரிக்காவின் லூயிவில் நகரம். நள்ளிரவு கடந்த நேரத்தில் பிரியோனா டெய்லர் என்ற பெண்ணின் வீட்டுக் கதவைப் போலீஸார் இடித்துத் திறந்தார்கள். கொள்ளையர் என்று எண்ணி அவருடைய காதலர் ஒருமுறை சுட்டார். போலீஸார் திருப்பிச் சுட்டதில் டெய்லர் இறந்தார். அங்கே இந்தத் தோட்டா பயன்படவே இல்லை. இந்தச் சாவை அடுத்து ஜூனில் அந்நகரம் அறிவிப்பின்றி நுழையும் வாரன்ட்டுகளைத் தடை செய்தது.

பணயக்கைதியை மீட்க இத்தோட்டா வேண்டும்தான். வீட்டுச் சோதனைக்கு வேண்டாம்.